மூக்கு வீட்டுப் பூண்டு

பிரான்ஸ் நாட்டுக் கிராஸ் ஊரில் வாசனைத் தைலம் கலக்கும் விற்பன்னனை 'நே' என்பார்கள். மூக்கு என்று அர்த்தம். லத்தீன் 'நாசுஸ்' பிரெஞ்சு வாயில் தேய்ந்து தேய்ந்து 'நே' ஆகிவிட்டது. நம் நாசிக்கும் அது தூரத்துச் சொந்தம்தான். மற்ற ஊர்களில் எல்லார் முகத்திலும் இருக்கிற சமாச்சாரம், இங்கே ஒரு பட்டம்.

அந்தப் பட்டம் கஸ்தோனுக்குக் கிடைத்த நாளிலிருந்து அவன் மனைவி தெல்ஃபின் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை. நே வீட்டில் பூண்டு வாடை வரக்கூடாது என்பது ஊர் வழக்கம். பூண்டுக் குழம்பு என்றால் உயிரை விடுகிறவள், அன்றோடு வாயைக் கட்டிக்கொண்டாள்.

போன குளிர்காலத்துக் காய்ச்சல் கஸ்தோனின் மோப்பத்தை அடியோடு கொண்டுபோயிற்று. வெளியே தெரிந்தால் பட்டமும் போய்விடும், வேலையும் போய்விடும். தைலம் தோய்த்த காகிதப் பட்டைகளைக் கோட்டுப் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவள் முகர்ந்தாள்.

"ரோஜா ரொம்பத் துள்ளுது, அடக்கு. மல்லிகையைக் கொஞ்சம் ஏத்து."

அவள் சொன்னபடியே கலந்தான். தைலம் பாரிஸில் சக்கைபோடு போட்டது.

"மோப்பம் போனதைச் சொல்ல வேண்டாம். இவளும் கூட உக்காந்து யோசனை சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றாள்.

"சொல்லாம இருப்பேனா, பைத்தியம்!"

ஞாயிறு மதிய விருந்தில் முதலாளி ஓதிபேர் கோப்பையை உயர்த்தினார். "நம்ம நேவுக்கு! மதாம், இதுல உங்க பங்கும் உண்டோ?"

கஸ்தோன் முந்திக்கொண்டான். "இவளா? அடுப்புல பால் தீஞ்சாலும் இவளுக்குத் தெரியாது!"

மேசையே குலுங்கிச் சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். மூக்கே இல்லாதவன் அத்தனை பேர் நடுவில் அவள் மூக்கை அறுத்துவிட்டான்.

மறுநாள் காலை பாரிஸ் வியாபாரிகள் வருவதாக இருந்தது. கஸ்தோன் புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான். உள்ளே தெல்ஃபின் ஒரு முழுப் பூண்டை உரலில் நசுக்கிக்கொண்டிருந்தாள். தெருவரைக்கும் வாடை தூக்கியது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்து வந்தாள். சாறு சொட்டும் விரல்களால் அவன் கழுத்துப்பட்டையை நீவினாள். தோளை, மார்பை, நிதானமாகத் தடவிக்கொடுத்தாள்.

"என்ன, திடீர்னு பாசம் பொங்குது?"

"பெரிய மனுஷங்க வர்ற இடம். அவங்க பக்கத்துலயே உக்காரு" என்றாள் தெல்ஃபின். "கோட்டைக் கழட்டாதே."