பச்சைத் தோடு

எனக்கு வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும். மூளை செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாய் தெருமுனையைத் தாண்டியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் என்னைப் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்றுக் காலை அந்த வாய்தான் என் மானத்தை வாங்கியது.

பன்றிக்குட்டிகளுக்கு வரும் ஒரு வைரஸ் காய்ச்சல் இருக்கிறது. பிறந்த குட்டிக்கு வந்தால் வயிற்றாலே போய், உடம்பில் நீரே இல்லாமல் வற்றிச் செத்துவிடும். எங்கள் தடுப்பூசியைச் சினையாக இருக்கும் தாய்க்குப் போட வேண்டும். பால் வழியாகக் குட்டிக்குப் பாதுகாப்பு போகும். கூடத்தில் நன்றாக வேலை செய்தது. பண்ணையில் செய்யுமா? அதைப் பார்க்கப் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கிக் கெஞ்சினேன். ஒருத்தரும் மசியவில்லை. கடைசியில் என் அக்காவும் அத்தானும்தான் தங்கள் பண்ணையைக் கொடுத்தார்கள்.

பாதித் தாய்களுக்கு மருந்து, மீதிக்கு வெறும் உப்புநீர். ஒரு பாதிக்குக் காதில் மஞ்சள் வில்லை, மறு பாதிக்குப் பச்சை. எந்த நிறத்துக்கு எது என்று எனக்கே தெரியாது. கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு மட்டும்தான் தெரியும். எல்லாவற்றையும் அக்காவிடம் விளக்கிச் சொன்னேன்.

"என்னடி, என் பொண்ணுங்களுக்கெல்லாம் தோடு போட்டு விட்டுட்டே!" என்று சிரித்தாள்.

அத்தான் மட்டும் தலையைச் சொறிந்தார். "டாக்டரம்மா, நம்ம வீட்டுக்காச்சும் உப்புத்தண்ணியக் கொறைச்சுப் போடக் கூடாதா?"

பிறகுதான் வந்தது தலைவலி. நோய் வரவே இல்லை. நோய் வராவிட்டால் மஞ்சளும் துள்ளும், பச்சையும் துள்ளும். மருந்து வேலை செய்கிறதா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. "இந்தக் குளிர் முடியறதுக்குள்ள எதுவும் தெரியலைன்னா கடையை மூடிடலாம்" என்று இயக்குநர் சொல்லிவிட்டார். இத்தனை வருட உழைப்பு! தினமும் அக்காவுக்குப் போன் போட்டு, "குட்டிங்க எப்படிக்கா இருக்கு?" என்பேன். "ஜோரா இருக்குடி" என்பாள். என் முகம் தொங்கிவிடும். என்ன ஜென்மமோ நான்!

நேற்று அத்தானே கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"வந்துடுச்சும்மா. விடிஞ்சு போய்ப் பார்த்தா குட்டிங்க கொத்துக் கொத்தா செத்துக் கிடக்கு. எல்லாம் பச்சைத் தோடு போட்டதுங்களோட குட்டி."

"அப்பாடா!" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. மறுமுனையில் எங்கோ தள்ளி நின்று அக்கா சொல்வது கேட்டது. "ஸ்பீக்கரை ஆஃப் பண்ணுங்க." அவ்வளவுதான், இணைப்பு போய்விட்டது. அப்படியே நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

போகாமல் இருக்க முடியுமா? வேலையே அங்கேதானே. பண்ணை வாசலில் உடுப்பு மாற்றி, பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். செத்த குட்டிகளை அக்கா சாக்குகளின் மேல் வரிசையாக வைத்திருந்தாள்.

"தாய் வாரியாப் பிரிச்சு வெச்சிருக்கேன். உன் கணக்குக்கு வேணும்ல" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, நான் அந்த அர்த்தத்துல சொல்லலக்கா."

"வேற என்ன அர்த்தம்டி இருக்கு அதுக்கு?"

திரும்பினால் மஞ்சள் பக்கம். குட்டிகள் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு பால் குடித்தன. ஒன்றிரண்டு சோர்ந்திருந்தாலும் எல்லாம் உயிரோடு இருந்தன. அடேயப்பா, அப்படியென்றால் மஞ்சளுக்குப் போட்டதுதான் மருந்து, அது வேலை செய்கிறது! அந்த இடத்திலும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. பொங்கியதற்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். அவள் மடியில், துண்டுக்குள் ஒரு பச்சைப் பக்கத்துக் குட்டி. அதன் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"இது ஒண்ணுதான் இன்னும் மூச்சு விடுது. இதை அந்த மஞ்சக்காரிகிட்ட விடட்டுமா? அவ பால் குடிச்சா பொழைச்சுக்கும்ல?"

பிழைத்தாலும் பிழைக்கும். ஆனால் ஒரு தாயின் குட்டியை இன்னொரு தாயிடம் விட்டால் கணக்குக் குழம்பும். குட்டிகளை மாற்றக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவளும் நான்தான். ஒரே ஒரு குட்டி, யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு மனம் சொன்னது.

"கூடாதுக்கா" என்றேன். "இது சரியா வந்தா ஆயிரம் பண்ணைக்கு நல்லது."

"அந்த ஆயிரம் பண்ணையில யாராச்சும் உன்னைத் தூக்கி வளர்த்தாங்களாடி?"

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போய் அதை மஞ்சள் பக்கம் விட்டிருக்கலாம். பண்ணை அவளுடையது, தடுக்க எனக்கு வாயிருந்ததே தவிர முகமில்லை. அவள் விடவில்லை. நான் கூடாது என்று சொன்னதற்காக அங்கேயே உட்கார்ந்து, குட்டியின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். உட்காரத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் கை நின்றது. துண்டை மடித்து, குட்டியை என்னிடம் நீட்டினாள்.

"இந்தா, இதையும் சேர்த்துக்கோ."

வாங்கினேன். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. வெட்கங்கெட்டவள், சேர்த்துக்கொண்டேன்.