இல்லை என்று போட்ட கட்டம்

அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் லேபிள் பிரிவில் இருந்தவளை எல்லோரும் புரொபசர் என்றுதான் கூப்பிட்டார்கள். தாவரவியல் படித்துவிட்டு, பாக்கெட்டில் அச்சாகிற எழுத்தைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்தவள். வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் என்ன? தக்காளியை யாராவது காய் என்று சொல்லிவிட்டால் போதும், வாயில் வைத்த சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஆனால் மனசு நல்ல மனசு. பேக்கிங் பிரிவில் ஒரு அக்கா இருந்தாள். அவளுடைய எட்டு வயது மகளுக்குப் பாதாம், முந்திரி வகையறா ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். தேங்காய் ஒன்றும் செய்யாது, தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் தொழிற்சாலையின் தேங்காய் பிஸ்கட் பாக்கெட்டில், 'கொட்டைப் பருப்பு வகை' என்ற கட்டத்தில் 'உண்டு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். தேங்காயையும் அந்தப் பட்டியலில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். அம்மா பாக்கெட் போட்டு அடுக்குகிற பிஸ்கட்டை மகள் ஒரு நாளும் தின்றதில்லை.

புரொபசருக்குப் பொறுக்கவில்லை. போன மாதம் மேனேஜர் அறைக்கு ஒரு முழுத் தேங்காயையே தூக்கிக்கொண்டு போனாள். வெளியே தோல், அதற்குள் நார், அதற்குள் கெட்டி ஓடு, ஓட்டுக்குள் விதை. இது உள்ளோட்டுச் சதைக்கனி, மாங்காயோடு ஒரே வகுப்பு, கொட்டைப் பருப்பே கிடையாது என்று அரை மணி நேரம் பேசினாள். ஆளை விட்டால் போதும் என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து வந்த சூட்டில், இனி லேபிள் போடுவதற்கு ஒரு விதியையும் அவளே எழுதிக் கொடுத்தாள்: உள்ளோட்டுச் சதைக்கனி எதையும் கொட்டைப் பருப்புக் கட்டத்தில் சேர்க்கக் கூடாது.

இன்று காலை புது பாக்கெட் வந்தது. கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேறு ஒரு எழுத்தையும் படிக்காமல், முதல் பாக்கெட்டை அக்கா கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பொடி எழுத்தைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், கட்டத்தை மட்டும் பாருங்கள் என்றும் சொன்னாள். அக்கா அதைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து போயும்விட்டாள்.

மூன்று மணிக்கு அடுத்த லேபிள் மேஜைக்கு வந்தது. பாதாம் கேக். கொட்டைப் பருப்பு வகை: இல்லை.

புரொபசருக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டர் பார்க்கிற அண்ணனிடம், தூக்கத்தில் அடித்தீர்களா என்று கேட்டாள். அவர் எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துச் செய்கிற மனுஷர். நிதானமாக மேஜை இழுப்பறையைத் திறந்து, அவள் இரவல் கொடுத்த தாவரவியல் புத்தகத்தையே எடுத்து நீட்டினார்.

"பாதாமும் அதே ஜாதிதான்னு போட்டிருக்கே. மேல சதை, உள்ள ஓடு, அதுக்குள்ள விதை. நாம திங்கறது அந்த விதையைத்தானாம். முந்திரியையும் கொட்டைன்னு சொல்ல முடியாதுன்னு எழுதியிருக்கு, அதுதான் கொஞ்சம் குழப்பமா இருந்துச்சு, அதை மட்டும் பழையபடியே விட்டுட்டேன். நீங்க எழுதிக் குடுத்த விதிப்படிதான் பண்ணேன்."

அவர் சொன்னதில் ஓர் எழுத்து தப்பில்லை. படித்தபோது அவளே பரீட்சையில் எழுதிய பதில்தான். தேங்காய் பிஸ்கட் லேபிளை இழுத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். கோதுமை மாவு, சர்க்கரை, தேங்காய்த் துருவல், பாதாம் தூள்.

அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. சரக்கு ஏற்றுகிற லாரியை நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு பெட்டி வெளியே போகக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஓடினாள். பிள்ளை இன்னும் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள், வழியில் விளையாடிக்கொண்டு இருப்பாள், இருக்க வேண்டும் என்று வாய் தன்னால் முணுமுணுத்தது. அந்த முகம் மட்டும் கூட்டத்தில் இல்லை. படியேறும்போது கால் பின்னிக்கொண்டு முட்டியில் அடிபட்டது, அது அவளுக்கு உறைக்கவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு தடித்திருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. அக்கா தண்ணீர் டம்ளரோடு ஒன்றும் புரியாமல் நின்றாள். மேஜையில் பாக்கெட் பிரித்திருந்தது, இரண்டைக் காணோம்.

"வேற எதுவும் குடுக்கலையே," என்றாள் அக்கா. "தேங்காய் பிஸ்கட்தானே குடுத்தேன்."

"ஊசி எங்கக்கா? டாக்டர் குடுத்து வெச்ச அவசர ஊசி எங்க?"

அலமாரியில் இருந்தது. அக்காவுக்குக் கை ஓடவில்லை. புரொபசர்தான் மூடியைக் கழற்றிப் பிள்ளையின் தொடையில் அழுத்திப் பிடித்தாள். கீழ்வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவருடைய வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அந்த விசில் சத்தம் நின்றுவிடக் கூடாது, நின்றுவிடக் கூடாது என்று அவள் அதையே கேட்டுக்கொண்டு இருந்தாள். ஒரு சிக்னலில் அது நின்ற மாதிரி இருந்தது. பிறகு மெல்லத் திரும்ப வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். பிழைத்துக்கொண்டாள், ராத்திரி மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்றார். ஊசி இன்னும் பத்து நிமிஷம் தள்ளிப் போயிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து புரொபசரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் மட்டும் தெய்வம் மாதிரி வரவில்லை என்றால் என்று ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை. புரொபசருக்கு அந்தக் கை நெருப்பாகச் சுட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"அக்கா, அதுல பாதாம் இருக்கு. கட்டத்துல இல்லைன்னு வந்தது என்னாலதான். நான் எழுதின விதி."

அக்கா கையை எடுத்தாள். கத்தவில்லை, அடிக்கவில்லை. கிளம்பும்போது பையில் திணித்துக்கொண்டு வந்த பாக்கெட்டை எடுத்து, அந்தக் கட்டத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"எனக்கு உங்க அளவுக்குப் படிப்பு இல்லை," என்றாள். "தேங்காய் என்ன ஜாதியா வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும். நாளைக்கு என் பிள்ளைக்கு ஒண்ணு குடுக்கணும்னா, நான் எதைப் பார்த்துக் குடுக்கட்டும்? அதை மட்டும் சொல்லுங்க."

எதைக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுகிறவள் பாக்கெட்டை வாங்கி, அந்த 'இல்லை'யைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே 'பாதாம் உண்டு' என்று எழுதினாள். அக்கா அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எழுந்து மகளிடம் போனாள்.