சின்ன மாப்பிள்ளை பிரித்த கார்புரேட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை, தட்டில் பாதிச் சாப்பாடு இருக்கும்போது மனைவிக்கு அவள் தங்கையிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, எங்கப்பா வண்டிய உங்க சகலை பிரிச்சுப் போட்டிருக்காராம். கார்புரேட்டர் அடைச்சிருக்காம். வீடியோ பாத்துக் கத்துக்கிட்டாராம்."

மெக்கானிக் கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான். இருபத்திரண்டு வருடமாக இருசக்கர வண்டிகளைப் பழுது பார்த்தே குடும்பம் நடத்துகிறவன் அவன். சகலையோ பல் டாக்டர்.

"பல்லப் புடுங்குற ஆளுக்குக் கார்புரேட்டர்ல என்ன வேலை?"

"நீங்க மூணு வருஷமா அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லிட்டே இருந்தீங்க. அவர் பாத்தார், செய்யறார்."

அவள் குத்திக் காட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள், அதனால்தான் இன்னும் எரிந்தது. மெக்கானிக் வீட்டு வண்டி எப்போதும் கடைசி வரிசைதான், அது அந்தத் தொழிலின் லட்சணம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாமனாரால் வண்டியை உதைக்க முடியவில்லை. முப்பது வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் கணக்கெடுக்கப் போன வண்டி, பின்பக்கத் தகரக் கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றுவிட்டது. முதலில் பார்க்கும்போதெல்லாம், "மாப்பிள்ளை, அதக் கொஞ்சம் ஓடவச்சுக் குடுங்க. ஓட்ட மாட்டேன், பின்னாடி உக்காந்து ஒரு சுத்து வந்தாப் போதும்" என்பார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். அப்பாடா, விட்டது தொல்லை என்று அவனும் இருந்துவிட்டான்.

அந்த வீட்டில் எட்டு வருடம் அவன் ஒருவன்தான் மாப்பிள்ளை. போன வருடம் டாக்டர் வந்து சேர்ந்ததும் இவன் 'பெரிய மாப்பிள்ளை' ஆகிவிட்டான். ஊருக்கு அது பதவி உயர்வு மாதிரித் தெரியலாம். அவனுக்கென்னவோ நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டது போலத்தான் இருந்தது. அந்த முதல் சுற்றும் இப்போது கை நழுவப் போகிறது. வண்டியை ஓடவைத்தவன்தானே மாமனாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவான்?

எழுந்து கை கழுவினான். ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைத் தொடவில்லை. சலவை செய்து மடித்திருந்த சந்தன நிறச் சட்டையை எடுத்து மாட்டினான். அந்த டாக்டர் எந்நேரமும் சோப்பு விளம்பரத்திலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி இருப்பார். அவர் பக்கத்தில் போய்க் கிரீஸ் கறையோடு நிற்க அவனுக்கு இன்று மனமில்லை.

"சும்மா பாத்துட்டு வந்துடறேன்" என்றான்.

"சும்மா பாக்கவா இந்தச் சட்டை?" என்றாள் மனைவி.

மாமனார் வீட்டுக் கொட்டகையில் கண்ட காட்சி அவன் வயிற்றெரிச்சலுக்குத் தோதாகவே இருந்தது. தரையில் வெள்ளைத் துண்டு விரித்து, கழற்றிய சாமான்களை வரிசை மாறாமல் அடுக்கியிருந்தார் டாக்டர். கையில் உறை, வாயில் முகமூடி. ஒவ்வொரு திருகைக் கழற்றும்போதும் ஒரு போட்டோ எடுத்திருந்தாராம், திரும்ப மாட்டும்போது குழப்பம் வராதாம். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் அந்த முகத்தில் இவ்வளவு களையை அவன் பார்த்ததில்லை.

"வாங்க பெரிய மாப்பிள்ளை! இவர் வேலையப் பாருங்க. ஆபரேஷன் தியேட்டர் தோத்துது!"

"பாத்தேன், பாத்தேன். பேஷன்டுக்கு மயக்க மருந்து குடுத்தாச்சா?"

டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. குத்தினால் வலிக்க வேண்டாமா மனிதனுக்கு?

"அண்ணா, நல்ல நேரத்துல வந்தீங்க. பழைய பெட்ரோல் காஞ்சு பிசின் மாதிரி ஒட்டிப் போயிருக்கு. இந்த ஜெட்டோட ஓட்டையே தெரியல. க்ளீனர்ல ஊறப் போட்டிருக்கேன். சரிதானா, பாத்துச் சொல்லுங்க."

ஜெட் என்பது சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுள்ள பித்தளைத் துண்டு. நடுவில் ஊசிமுனைத் துளை. பெட்ரோல் அதன் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகும். அது அடைத்தால் வண்டி வெறும் இரும்பு. அவன் தன் கடையில் அதைச் செம்புக் கம்பி இழை விட்டுக் குத்துவான். டாக்டர் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலிழைப் பிரஷ் வைத்திருந்தார். துளை சிறிதும் கீறாது. இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றவில்லையே என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

"உங்களுக்கு நான் என்ன சொல்றது? நீங்கதான் டாக்டராச்சே, ஜமாய்ங்க" என்றான்.

உள்ளே இருந்து டீ ஆறுகிறது என்று குரல் வந்தது. மாமனார் நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்து போனார். டாக்டரும் உறையைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனார். மெக்கானிக் தனியாக நின்றான். க்ளீனர் ஊற்றிய கிண்ணத்தில் பழுப்புத் திரவத்துக்கடியில் ஜெட் பளபளத்தது. இது இல்லாவிட்டால் வண்டி உறுமாது. அவர்கள் உதைத்து உதைத்துக் களைத்துப் போவார்கள். அப்புறம் 'நகருங்க, நான் பாக்கறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முழுசாக யோசித்து முடிக்குமுன்பே கை முந்திக்கொண்டது. சின்ன சாமானை எடுத்தால் சட்டைப் பையில் போடுவது இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

மாமனாரோடு திரும்பி வந்த டாக்டர் கிண்ணத்தைத் துழாவினார். துண்டின் ஓர மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணா, ஜெட்டக் காணோம்."

"நல்லாப் பாருங்க. வரிசையாத்தானே வச்சிருந்தீங்க?"

"ஊறப் போட்டேனான்னே இப்ப சந்தேகமா இருக்கு. எங்கயோ தவற விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க மாமா, தெரியாத வேலைல கை வச்சது என் தப்பு."

வீடியோவின் மேலோ பூனையின் மேலோ பழி போடுவார் என்று எதிர்பார்த்திருந்தான். மனிதர் அந்தச் சந்தோஷத்தைக்கூடக் கொடுக்கவில்லை. மண்டியிட்டுத் தரையெல்லாம் தடவினார். அதுவரைக்கும்கூட மெக்கானிக் தாங்கிக்கொண்டான். ஆனால் அடுத்து மாமனார் டார்ச்சோடு கீழே இறங்கினார். மடங்காத காலை ஒருபக்கம் நீட்டி, கையை ஊன்றி, கடைசியில் மண்ணில் படுத்தேவிட்டார். வண்டிக்கடியில் வெளிச்சம் அடித்து அடித்துத் தேடினார்.

"மாமா, எந்திரிங்க! உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று பதறினான் மெக்கானிக்.

"மூணு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் தொறந்திருக்கு. இன்னைக்கு மூடிட்டா அப்புறம் யார் தொறக்கப் போறா?"

அவனுக்குச் சுருக்கென்றது. படுத்த வாக்கிலேயே மாமனார் டார்ச்சை மேலே உயர்த்தினார். வெளிச்சம் அவன் நெஞ்சுக்கு நேரே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பழையபடி தரைக்கு இறங்கியது.

"பெரிய மாப்பிள்ளை, நீங்க ஒரு தடவை தேடுங்க. உங்க கண்ணுக்குத் தப்பாது" என்றார்.

மெக்கானிக் குனிந்தான். பைக்குள் இரண்டு விரல் விட்டான். துண்டின் ஓரத்தைத் தூக்கி ஒரு மடிப்பைப் பிரித்தான். "இதோ இருக்கு" என்று சொன்னபோது குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

"அந்த மடிப்ப நான் மூணு தடவை பாத்தேனே!" என்றார் டாக்டர்.

"நம்ம கண்ணு அப்படித்தான்" என்றார் மாமனார், மண்ணைத் தட்டிக்கொண்டே.

இருவரும் சேர்ந்து பூட்டினார்கள். டாக்டர் போட்டோவைப் பார்த்துச் சொல்ல, அவன் முடுக்கினான். டாங்கில் புது பெட்ரோல் ஊற்றினார்கள். "நீங்களே உதைங்க அண்ணா, உங்க கை பட்டதாலதான் கிடைச்சுது" என்று டாக்டர் ஒதுங்கிக்கொண்டார். முதல் உதைக்கு வண்டி இருமியது. மூன்றாவது உதைக்குப் புகை கக்கி, தடதடத்து, அப்புறம் நிதானத்துக்கு வந்தது. டாக்டர் கைதட்டினார். அப்படிக் கபடில்லாமல் கைதட்டும் மனிதரை எவ்வளவு நேரம் வெறுக்க முடியும்? அவனும் முயன்று பார்த்தான், முடியவில்லை.

"பெரிய மாப்பிள்ளை, நீங்க ஓட்டுங்க" என்று மாமனார் ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. தெருவில் இறங்கினான். பாலத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, பள்ளிக்கூடச் சுவரோரமாகப் போனார்கள். போகிற வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் மாமனார் கை காட்டினார். இன்ஜின் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. டாக்டர் அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தார்.

"சின்ன மாப்பிள்ளைக்குக் கியர் வண்டி ஓட்ட வராதாம். அடுத்த வாரம் நீங்க கத்துக் குடுங்க" என்றார் மாமனார்.

"சரி மாமா."

"இந்த அடுத்த வாரமாவது வரணும்."

"வருவேன் மாமா."

தோளைப் பிடித்திருந்த கை முன்னால் இறங்கி, சட்டைப் பையை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டியது. அவன் குனிந்து பார்த்தான். சந்தன நிறத் துணியில் பழுப்பாக, வட்டமாக, இன்னும் ஈரம் காயாமல் கறை. காக்கிச் சட்டையாக இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

"இந்தச் சட்டைய எம்பொண்ணுகிட்டத் துவைக்கப் போட்டுடாதீங்க" என்றார் மாமனார். "நீங்களே துவைச்சிடுங்க."