கடலில் விழுந்த தடம்

கடலில் தடம் விழுந்தது அந்தப் பாய்மரப் படகால்தான். ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்ததில் தண்ணீர் தேய்ந்துவிட்டது. முதலில் முழங்கால் ஆழம், பிறகு இடுப்பளவு. கடைசியில் மேல்தளத்தில் நின்று பார்த்தால் இரு பக்கமும் தண்ணீர்ச் சுவர்தான், தலைக்கு மேல் ஒரு கீற்று வானம். தண்ணீர் எப்படித் தேயும் என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று ஒப்புக்கொள்கிறவர்கள், படகு ஊரத் தண்ணீர் தேயும் என்றால் மட்டும் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

படகைக் குறை சொல்ல முடியாது. அக்கரையில் ஒரு செல்வந்தர் அதை வாங்கியிருந்தார். கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியது மட்டுமே வேலை. அதற்கு அமர்த்தப்பட்ட நால்வரும் கடலிலேயே நரைத்தவர்கள். கேப்டன், கேப்டனின் மச்சான், வாய் ஓயாமல் பேசியே ‘ஊமை’ என்று பெயர் வாங்கியவர், அறுபதைத் தாண்டியும் மற்றவர்களுக்கு இளையவர் என்பதால் ‘பொடியன்’ ஆகவே இருந்துவிட்டவர். கடல் தெரியாதவள் சமையற்காரி ஒருத்திதான். ஆஸ்பத்திரி கேன்டீனில் கரண்டி பிடித்தவள் அவள். அந்த ஆண்டு விமானங்கள் பறக்கவில்லை. அக்கரையில் அவளுடைய ஒரே மகள் எட்டு மாதக் கர்ப்பிணி. முன்பு இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்று சமையலுக்கு ஆள் தேடிய படகில் ஏறிவிட்டாள்.

புறப்படும் நாளில் தொலைபேசியில் மகளிடம், “மூணு வாரத்துல வந்துருவேன்டி. நான் வர்ற வரைக்கும் அடக்கி வச்சிரு” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எந்தத் தாயும் சொல்லக்கூடிய வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் மகள் சொல்பேச்சுத் தட்டாதவள். சின்ன வயதில் ஒருமுறை கடை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அம்மா மறந்துபோக, கடை பூட்டிய பிறகும் மழையில் நின்றிருந்தவள். அது தெரிந்திருந்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராததுதான் சமையற்காரி செய்த பிழை.

மூன்று வாரம் கழிந்தது. கரை வரவில்லை. திசைகாட்டி காலையில் கிழக்கையும் மாலையில் மேற்கையும் காட்டியது. நால்வரும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, கருவி கெட்டுப்போச்சு, கைதான் நமக்குக் கருவி என்றார்கள். அனுபவசாலிகளிடம் யார் எதிர்த்துப் பேச முடியும்? தடம் ஆழமானபோது இயந்திரத்தை முடுக்கிச் சுவரில் ஏறப் பார்த்தார்கள். படகு பாதி ஏறிச் சறுக்கியது. எண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம். உணவுக்குக் குறைவில்லை. அடுப்படி ஜன்னல் வழியாகத் தண்ணீர்ச் சுவருக்குள் கைவிட்டால் மீன் கிடைத்தது. மழை பெய்தால் குடிநீரும் கிடைத்தது. பட்டினி கிடந்து சாகவும் வழியில்லாமல் போயிற்று என்று சமையற்காரி நொந்துகொண்டாள்.

படகில் ஒரு தொலைபேசி இருந்தது. பத்தாம் மாதம் மகள் கூப்பிட்டாள், வலி வந்ததாம், அடக்கிவிட்டாளாம். ஓராண்டு ஆனபோது டாக்டர்கள் கூடிப் பேசினார்களாம். கத்தி வைக்க வந்தவரின் கத்தி மழுங்கிப்போனதாம். இரண்டாம் ஆண்டு கதவு வழியாக அவளால் வெளியே வர முடியவில்லை. கணவன் கதவை நிலையோடு பெயர்த்து அகலப்படுத்தினான். ஒவ்வொரு முறையும் தாய் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். “நான் சும்மா சொன்னேன்டி. பெத்துக்கோ. நான் வரலைன்னாலும் பரவால்ல, பெத்துக்கோ.”

“வந்துட்டுச் சொல்லும்மா” என்றாள் மகள். அவளுக்கு மூச்சு வாங்கியது. “மூச்சு விடத்தான் இடம் பத்தல. சீக்கிரம் வா.”

அதோடு தொலைபேசி அடங்கிவிட்டது. சமையற்காரி அதைக் கீழே வைத்தாள். பிறகு போய் அடுப்பை அணைத்தாள். நான்கு தட்டுகளையும் காலியாகவே பரப்பிவிட்டு, ஏன் போய்ச் சேரவில்லை என்று சொல்லும்வரை சோறு கிடையாது என்றாள்.

நால்வரும் தட்டைப் பார்த்தார்கள். முதலில் வாய் திறந்தது ஊமைதான். மச்சான் சுக்கானை எப்பவும் இடது பக்கம் இழுத்துவிடுவார், அதனால் தன் முறை வரும்போது வலது பக்கம் ஒரு மயிரிழை திருத்திவைப்பது வழக்கம் என்றார்.

“நானா இழுக்கறேன்?” என்றார் மச்சான். “பொடியன்தான் இழுப்பான். அதுக்குத்தான் நான் வலது பக்கம் ஒரு மயிரிழை வைக்கறேன்.”

பொடியன் கேப்டனைப் பார்த்தார். கேப்டனுக்கு வயதாகிவிட்டது, கை இடப்பக்கம் சாய்கிறது, சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று பேசாமல் திருத்தி வந்தாராம். கேப்டன் கடைசியாக ஒப்புக்கொண்டார். அவர் மூவருக்கும் சேர்த்துத் திருத்தியிருந்தார். இடப்பக்கம் இழுத்தவர் எவருமே இல்லை. நான்கு நல்ல மனிதர்கள், ஒருவரையொருவர் நோகடிக்காமல், ஆளுக்கொரு மயிரிழையாகப் படகை வட்டமடிக்க வைத்திருந்தார்கள்.

“நாலு பேருக்கும் கடலைத் தெரியும். பக்கத்துல நிக்கற ஆளைத் தெரியாது” என்றாள் சமையற்காரி. “அங்க என் பொண்ணு மூச்சு விட முடியாம கிடக்கறா.” அவள் அழுததை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து சுக்கானுக்குப் பக்கத்தில் கரண்டியோடு உட்கார்ந்துகொண்டாள். முறை மாறும்போது எவர் கை வலப்பக்கம் நகர்ந்தாலும் விரல் முட்டியில் ஒரு அடி. முன்னவர் விட்டதை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பதைவிடக் கடினமான வேலை அந்த நால்வருக்கும் வாழ்நாளில் வாய்த்ததில்லை. பொடியனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. படகு நேராகப் போகப் பார்த்தது, தடம் விடவில்லை. ஆனாலும் வெளிச்சுவரை உரசி உரசி, ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் கொஞ்சம் அகன்றது. அப்படியே அகன்று அகன்று ஆண்டுகள் போயின. அவள் கரண்டி பாதியாகத் தேய்ந்தது. மகள் இருக்கிறாளா இல்லையா என்ற கேள்வியை அவள் எவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எவராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அக்கரைத் துறைமுகத்துக்காரர்கள், கடல்மேல் ஒரு பாய்மரத்தின் உச்சி மட்டும் தனியாக நடந்து வருவதை ஒருநாள் முற்பகல் பார்த்தார்கள். தடம் படகுத்துறையின் நுனியை ஒட்டிப் போகும் என்று கணக்குப் போட்ட கேப்டன், சமையற்காரியைப் பாய்மரத்தில் ஏறி, துறை வந்ததும் குதிக்கச் சொன்னார். தடத்தில் படகு நிற்காது, நிறுத்தவும் முடியாது.

“நீங்களும் வாங்க” என்றாள்.

“மூழ்காத படகை விட்டு இறங்கினவனை எவனும் மாலுமின்னு சொல்ல மாட்டான்மா. நீ சமைக்க வந்தவ. உனக்கு அந்தச் சட்டம் இல்ல. ஏறு.”

ஏணிகூட ஏறிப் பழக்கமில்லாதவளை நால்வரும் கீழிருந்து தள்ளிவிட்டார்கள். உச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, துறையின் பலகைமேல் விழுந்தாள். முழங்கை பெயர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டே வழி கேட்டு ஓடினாள். கதவில்லாத அந்த அறையில் கட்டில் முழுக்க வயிறாகக் கிடந்தாள் மகள். முகம் மட்டும் சின்னதாகிப் போயிருந்தது.

“வந்துட்டேன்டி” என்றாள் தாய்.

“சரிம்மா” என்றாள் மகள், வலிக்கு விட்டுக்கொடுத்தாள். பிறந்தது பெண். பல் முளைத்திருந்தது, தலைமுடி தோள்வரை தொங்கியது. நர்ஸ் எடை பார்த்துவிட்டு, முதலில் தலை சீவிவிடுங்கள் என்றாள். குழந்தை பாட்டியின் பெயர்ந்த முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தது.

கரண்டி போனதும் நால்வரும் பழையபடி ஆளுக்கொரு மயிரிழை திருத்தத் தொடங்கிவிட்டார்கள். அதனால் வட்டம் அதற்குமேல் அகலவில்லை. படகு அந்தத் துறையை ஒட்டியே சுற்றி வருகிறது. செல்வந்தர் ஒருமுறை வந்து பாய்மர உச்சியைப் பார்த்து, படகு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். படகு வரும் நாளில் சமையற்காரி நான்கு பேருக்குச் சேர்த்துச் சமைத்து, பேத்தியோடு துறை நுனிக்குப் போய், கடந்துபோகும் உச்சியில் கூடையை மாட்டிவிடுவாள். பள்ளத்திலிருந்து கேப்டனின் குரல், “குழந்தை சாப்பிடுதா?” என்று கேட்கும். “சாப்பிடுது” என்பதற்குள் படகு போய்விடும். அத்தனை ஆண்டுகள் அந்த நால்வரையும் சபித்தவள் அவள். இப்போது படகு வரவேண்டிய நாளில் வராவிட்டால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.