பெயரில்லாத ஃபைல்கள்

ஆயுத பூஜைக்குக் கொடுத்த பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு துளசிராமன் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீசில் தனியாக உட்கார்ந்திருந்தான். எதிரே கம்ப்யூட்டர் திரை கன்னங்கரேலென்று இருந்தது. அதில் ஏழெட்டு வரி இங்கிலீஷ் வெள்ளையாக நின்றது. மற்றவர்கள் மதியமே ஸ்வீட் பாக்ஸோடு ஷேர் ஆட்டோ பிடித்துவிட்டார்கள். கேட் வாசலில் உடைத்த பூசணிக்காயை ஒரு மாடு குங்குமத்தோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அது ஒரு இரும்புக் கம்பி ஆலை. கற்பூரம் காட்டும்போது எந்த மெஷினும் ஓடக்கூடாது என்பது அங்கே வழக்கம். அதற்கு முன்னாலேயே டைம் ஆபீஸ் ஹேமாவதி தன் கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்திவிடுவாள். இந்த வருஷம் அவள் லீவு. மேனேஜர் சரவணகுமார் தட்டும் கையுமாக வந்து, "நல்ல நேரம் முடியுது துளசி, மெயின இறக்கு" என்றார். எலக்ட்ரீசியன் துளசிராமன் மெயின் சுவிட்சை இறக்கினான். கற்பூரம் அணைந்ததும் ஏற்றினான். விளக்கு வந்தது, கிரேன் வந்தது, ஃபேன் சுற்றியது. வருகைப் பதிவு கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் அதைத் தாங்க யு.பி.எஸ். ஒன்று உண்டு. அதன் பேட்டரி உப்பிப்போய்விட்டது, வேறு வேண்டும் என்று ஆடி மாசமே அவன் எழுதிக் கொடுத்திருந்தான். அந்தச் சீட்டு எந்த மேஜையில் தூங்குகிறதோ.

"நீதான நிறுத்தின. எழுப்பிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு மேனேஜர் சாப்பிடப் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் யாருடையதோ, அவனுக்கென்ன என்று விடவும் முடியாது. இரண்டு வருஷத்தில் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். அதை வைத்துப் பதினாலு கான்ட்ராக்ட் ஆட்கள் தொழிலாளர் துறையில் மனு போட்டிருந்தார்கள். முதல் பெயர் ஸ்கிராப் யார்டு கங்கம்மாள். ஐந்தாவது துளசிராமன். அதிகாரி திங்கட்கிழமை வருகைப் பதிவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். வேறு அத்தாட்சி கிடையாது. கான்ட்ராக்டர் மூன்று தரம் மாறியதில் சம்பளச் சீட்டில் மூன்று கம்பெனிப் பெயர். மாறாமல் இருந்தது கேட்டில் தினமும் வைத்த கட்டைவிரல் ரேகை ஒன்றுதான். அது அத்தனையும் இந்தப் பெட்டிக்குள் இருந்தது.

சர்வீஸ் கம்பெனியிலிருந்து ஷைனி என்ற பெண் போனில் வந்தாள். "லீவு நாள்ணா, வர முடியாது. நான் சொல்றத ஒவ்வொரு எழுத்தா அடிங்க."

"நான் எலக்ட்ரீசியன்மா. இதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?"

"எழுத்து தெரியுமில்ல? எஃப், எஸ், சி, கே."

ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தான். திரை சடசடவென்று ஓடி நின்றது.

"இன்னாமோ கேக்குதுமா. கடைசில கேள்விக்குறி கீது. முன்னாடி ஒரு நம்பரு."

"திடீர்னு நிறுத்தினதால எந்த ஃபைல் எங்க இருக்குன்ற கணக்கு கலைஞ்சிருச்சுணா. பேரு இல்லாம ஒரு ஃபைல் கிடக்குது, எடுத்து வெச்சுக்கட்டுமான்னு கேக்குது. ஆமான்னு ஒய் போடுங்க."

போட்டான். அடுத்த நம்பர், அதே கேள்வி. மறுபடி ஒய். கரண்டு வேலையில் இப்படிக் கிடையாது. டெஸ்டரை வைத்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. இது எரியவும் இல்லை, அணையவும் இல்லை, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. நூறுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டான். தப்பான சாவியைத் தட்டி ஒருவனுடைய ரெண்டு வருஷத்தை அழித்துவிடுவோமோ என்று கை வியர்த்தது. லுங்கியாக இருந்தால் துடைத்திருக்கலாம், பூஜைக்கென்று புது பேன்ட் போட்டு வந்திருந்தான்.

மூன்றரை மணிக்குக் கேள்விகள் நின்றன. ஷைனி சொன்னதை அடித்ததும் திரை முழுக்க நம்பர்கள் வரிசையாக நின்றன.

"எல்லாம் இருக்குணா!" என்று அவள் கத்தினாள். "ஃபைலோட பேருதான் போச்சு. உள்ள இருக்கிறது அப்படியே இருக்கு. சனிக்கிழமை நான் வந்து ஒண்ணொண்ணா தெறந்து பிரிச்சுடுறேன். உங்க மேனேஜர் ஒரு மெயில் போட்டா போதும்."

துளசிராமனுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அப்போதுதான் பொரியைப் பிரித்து ஒரு பிடி வாயில் போட்டான்.

மேனேஜர் வந்து திரையைப் பார்த்தார். அவன் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான்.

"பேரில்லாத ஃபைல எவன் ரெக்கார்டுன்னு ஒத்துப்பான்?"

"தெறந்தா உள்ள பேரு கீதாம் சார். அந்தப் பொண்ணு சனிக்கெழம வந்து குந்துச்சின்னா..."

"அதெல்லாம் வேணாம். புது மெஷின் சொல்லியாச்சு." அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சாப்பிடப் போன நேரத்தில் டைப் அடித்திருக்கிறார். துளசிராமன் எழுத்துக்கூட்டி வாசித்தான். கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தாமல் துளசிராமனாகிய நான் மின்சாரத்தைத் துண்டித்ததால் வருகைப் பதிவுகள் முழுவதும் அழிந்துவிட்டன என்று இருந்தது.

"அழியலையே சார்?"

"மெயின இறக்கினது யாரு?"

"நீங்க சொன்னீங்கன்னுதான்..."

"இறக்கின கை யாரோடது?"

"என்னுதுதான் சார்."

"அதத்தான எழுதியிருக்கு? கையெழுத்து போட்டா வார்னிங்கோட முடியும். இல்லன்னா வேணும்னே பண்ணான்னு ஹெட் ஆபீஸ் போலீசுக்குப் போகச் சொல்றாங்க. நீயும் மனு போட்ட ஆளாச்சே, யோசிச்சுக்க."

யோசிக்கத்தான் பார்த்தான். மனு போட்டவன் தன் நாளைத் தானே எதற்கு அழிப்பான்? அதைக் கேட்கலாம் என்றால், இறக்கியது நீதானே என்று பழைய இடத்துக்கே வந்து நின்றது. இறக்கியது அவன்தான், அதில் பொய் இல்லை. அழியவில்லை, அதையும் கண்ணால் பார்த்தாகிவிட்டது. இரண்டையும் சேர்த்து எங்கே வைப்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பேனாவை மேனேஜரே திறந்து கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவனுக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்ததுதான் அதிகம்.

வெள்ளிக்கிழமை காலையில் கேட் சுவரில் ஓட்டை போட்டு, ரேகை பதியும் புது மெஷினை அவன்தான் மாட்டினான். பழைய பெட்டியை மேனேஜரின் கார் முந்தின நாளே எடுத்துப் போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். ஹேமாவதி பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஆட்கள் வரிசையில் நின்று மூன்று மூன்று தரம் விரல் வைத்தார்கள்.

கங்கம்மாள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒன்பது வருஷம் இரும்புத் துண்டு பொறுக்கிய கை. ரேகை தேய்ந்து இரண்டு முறை சிவப்பு விளக்கு எரிந்தது. ஹேமாவதி எச்சில் தொட்டு வைக்கச் சொன்னாள். அடுத்த முறை பச்சை எரிந்து, சின்னத் திரையில் கங்கம்மாளின் முகம் வந்தது.

"இன்னா துளசி, திங்கக்கெழம ஆபீசரண்ட காட்டணும். என் பேரு சரியா வந்துகீதா, பாரு."

துளசிராமன் குனிந்து பார்த்தான். பெயர், ஒரு எழுத்துப் பிசகாமல் வந்திருந்தது. அதன் கீழே, சேர்ந்த தேதி என்ற இடத்தில் இன்றைய தேதி இருந்தது. அதற்கும் கீழே, வேலை செய்த நாட்கள்: ஒன்று.

"வந்துகீதுக்கா" என்றான்.

கங்கம்மாள் திரையில் தெரிந்த தன் முகத்தை ஒருமுறை ஆசையாகப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்றவளுக்கு எச்சில் தொட்டு வைக்கச் சொல்லிக் காட்டிவிட்டு, யார்டுக்குள் போனாள்.