கரையேறாத வெங்காயம்

கொழும்பில் நடத்திய கடையை விற்றுவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பிய வருஷமே மூசா இறந்துபோனார். அந்தக் கடைப் பணம்தான் மனைவி சுலைகாவுக்கு மிச்சம். பேங்கில் போட்டால் வட்டி வரும். வட்டியில் மகள் நபீசாவின் கல்யாணத்தை நடத்த அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

பள்ளிவாசல் லெப்பை ஒரு வழி சொன்னார். தொழில் தெரிந்தவரிடம் முதலைக் கொடுப்பது, லாபத்தில் ஆளுக்குப் பாதி. நஷ்டமானால் பணம் போட்டவருக்கு முதல் போகும், தொழில் செய்தவருக்கு உழைப்பு போகும்; அவருடைய அசட்டையால் போனால் மட்டும் அவர் ஈடுகட்ட வேண்டும். இதற்கு மார்க்கத்தில் முளாரபா என்று பெயர் என்றார். மூசாவின் சரக்கைப் பல வருஷம் தன் தோணியில் ஏற்றிப்போன அம்புரோஸ் சம்மதித்தார்.

"நட்டம் வந்தா நானும் பாதி ஏத்துக்கிடுதேன், ராத்தா."

"அது கூடாதுன்னு லெப்பை சொல்லுதாரு அண்ணாச்சி. முதலு என்னுது. நட்டமும் என்னுதுதான்."

முதல் நடையில் லாபம் வந்தது. அந்தத் தைரியத்தில் நபீசாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். அடுத்த நடைக்குப் பணம் முழுவதும் வெங்காயமாகத் தோணி ஏறியது.

கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தோணியை நிறுத்திவிட்டார்கள். இனி பெர்மிட் இல்லாமல் வெங்காயம் இறக்கக்கூடாது என்று புது உத்தரவு. அம்புரோஸ் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். மூசாவுக்குப் பழக்கமான கடைக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். சரக்கைத் தொட ஒருவரும் துணியவில்லை. வெயிலில் மூட்டைகள் வியர்த்து, முளைவிட்டு, அழுகின. நாற்றம் தாங்காமல் தோணியாட்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அள்ளி அள்ளிக் கடலில் கொட்டினார்கள்.

ஊர் திரும்பியதும் அம்புரோஸ் நேரே சுலைகாவின் வீட்டுக்குத்தான் வந்தார். அவள் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய அண்ணன் மக்தூம் காக்கா பாய்ந்தார்.

"தோணி முழுசா வந்திருக்கு. சரக்கு மட்டும் எங்கன போச்சி?"

அம்புரோஸ் மடியிலிருந்து மனைவியின் சங்கிலியை எடுத்து வைத்தார்.

"உங்க பக்கம் ஏதும் அசட்டை உண்டா அண்ணாச்சி?" என்று சுலைகா கேட்டாள். உண்டு என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது அவளுக்கு.

"காத்து விழுந்து நடுக்கடல்ல கெடந்துட்டோம், ராத்தா. உத்தரவுக்கு முந்திப் போனவுக எறக்கிட்டாவ. வேற என்ன சொல்ல?"

"காத்த நான் எங்கன போய்க் கேப்பேன்?" என்றாள் அவள். "சங்கிலிய எடுத்துக்கிடுங்க. நாம பேசுனது அப்படி இல்ல."

"ஏளா, ஒனக்கென்ன கிறுக்கா? பொம்பளப்புள்ள கல்யாணம் நிக்கி!" என்று மக்தூம் கத்தினார்.

சுலைகா திரையை இறுகப் பிடித்துக்கொண்டாள். விட்டால் கை சங்கிலிக்கு நீண்டுவிடும் என்று பயந்தாள். அம்புரோஸ் எடுக்கவும் முடியாமல் விட்டுப்போகவும் முடியாமல் வெகுநேரம் நின்றார். கடைசியில் மக்தூமே வெறுத்துப்போய் அதை அவர் கையில் திணித்து வெளியே போகச் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டார் பெருநாள்வரை பொறுத்தார்கள். பிறகு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். மக்தூம் வருவதை நிறுத்திவிட்டார். "நீங்க செஞ்சதுதாம்மா சரி" என்று லெப்பை சொல்லி அனுப்பினார். சுலைகா அதைக் கேட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு வேறு இடம் முடிந்த சேதி வந்த அன்று நபீசா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்மேல கோவமா, புள்ள?"

நபீசா தலையை மட்டும் ஆட்டினாள், இல்லையென்று. செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.