கல்லுக்கட்டில் ஒட்டிய பச்சை

பாசி என்றால் ராஜலிங்கத்துக்கு ஆகவே ஆகாது. நகரசபைச் சுகாதாரப் பகுதியில் மேற்பார்வையாளராக இருந்து, கண்டியின் சாக்கடைக் கான்களில் பிளீச்சிங் பவுடர் கொட்டியே தலை நரைத்த மனிதர். ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குப் பின்னால், மண் சரியாமல் கட்டிய கல்லுக்கட்டில்தானா அந்தச் செடி முளைக்க வேண்டும்! பல்கலைக்கழகத்தில் செடி ஆராய்ச்சி செய்யும் றமீஸா, அக்குறணைப் பெண், அதைக் கண்டுபிடித்தாள். பாசிக்கு நெருங்கிய சொந்தமாம், ஈரலுரு என்பார்களாம். வேருமில்லை, பூவுமில்லை. ஊற்றுநீர் கசியும் ஒரே ஒரு கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக் கிடந்தது. இந்த வகையை வேறெங்கும் அவள் கண்டதில்லை. உருப்பெருக்கும் கண்ணாடியில் ராஜலிங்கத்துக்கும் காட்டினாள். பச்சை மடல்களின்மேல் சின்னஞ்சிறு கிண்ணங்கள். மழைத்துளி விழுந்தால் உள்ளிருக்கும் செடிக்குஞ்சுகள் தெறித்துப்போய் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். மனிதர் அசந்துபோனார். அதன்பிறகு கோழியைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை.

ஒருநாள் அவள், பேராசிரியர் செடியைப் பார்க்க வருவதாகச் சொன்னாள். பெரிய மனிதர் வருகிறார், சுவரெல்லாம் வழுவழுவென்று கறுத்துக் கிடந்தால் என்ன நினைப்பார்? அவர் வருவதற்கு முதல் நாள் ராஜலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டினார். செடியிருந்த கல்லைத் தொடவேயில்லை. அதற்கு மேலே மட்டும் பவுடரைக் கரைத்து ஊற்றித் தேய்த்தார். மேலே ஊற்றியது கீழேதான் வடியும் என்பது, வாழ்நாளெல்லாம் கான் பார்த்தவருக்குத் தோன்றவேயில்லை.

காலையில் செடி வெளுத்து, வெந்த கீரைபோல் துவண்டு கிடந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மணம் போனது, பச்சை திரும்பவில்லை.

றமீஸா பேராசிரியருக்கு முன்னதாகவே வந்துவிட்டாள். கல்லைப் பார்த்தவள் அப்படியே குந்திவிட்டாள்.

"என்னாலதான் அங்கிள். போன மாசம் ஒரு துண்டு வெட்டியெடுத்தேனே. வாணாம் என்டுதான் சேர் சொன்னாரு. நான்தான் கேக்கல்ல."

உண்மையைச் சொல்லத்தான் ராஜலிங்கம் வாயைத் திறந்தார். "இந்த முறை மழையும் கூடத்தானே மகள்," என்று வந்தது. சீ, நானும் ஒரு மனுசனா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "சேர், வராதீங்க. செடி செத்துப்போச்சு. நான்தான் சாகடிச்சிட்டேன். இனி இந்த ஆராய்ச்சி எனக்கு..."

"போனை வைங்க மகள்!" ராஜலிங்கத்தின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "நீங்க இல்ல. நான்தான் நேத்து பிளீச்சிங் ஊத்தினேன். சேர் வாறாரு, சுத்தமா இருக்கணும்னு."

றமீஸா நிமிர்ந்து பார்த்தாள். நன்றாகத் திட்டட்டும் என்று அவர் நின்றார்.

"அப்ப, நான் இல்லையா அங்கிள்?"

அந்த முகத்தில் முதலில் வந்தது கோபமல்ல, ஆறுதல். அதைப் பார்க்கத்தான் ராஜலிங்கத்தால் முடியவில்லை. முகத்தைத் திருப்பினார். கல்லுக்கட்டு, அவர் ஆசைப்பட்டபடியே, பளிச்சென்று இருந்தது.